‘தூதராக வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

(உயர்கல்வி குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற ஆறாம் படிவ ஆசிரியர் ஒருவர் ‘அனைத்துலக அரசியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தல்’ எனும் தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவம், பொறியியல், கணக்கியல் பற்றிச் சொன்னார்கள். அந்தப் படிப்புகளுக்கு நம்மிடையே அறிமுகமே தேவையில்லை. எனக்குத் தரப்பட்ட துறையோ நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. “அனைத்துலக அரசியலா? அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது, சார்?” என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் அம்மா, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே என்னிடம் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கண்டிப்பாகப் பதில் சொல்கிறேன். முதலில் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

மாணவி கொண்டுவந்த தாள்

2023ஆம் ஆண்டு இறுதியில், என்னிடம் எஸ்டிபிஎம் படித்த மாணவி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப அவர் எழுதிய சுயவிளக்கக் கட்டுரை அது. ‘சிறு வயது முதலே எனக்கு உலக அரசியலில் ஆர்வம். உலக அமைதிக்காகப் பாடுபட வேண்டும். ஒருநாள் தூதராக வேண்டும்’ என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால், அதில் அந்தப் பெண்ணும் இல்லை. அந்தக் கட்டுரையின் கீழே யாருடைய பெயரையும் போடலாம்.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “ஏம்மா, உங்கள் வீட்டில் வெளிநாட்டுச் செய்தி ஒன்றைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினீர்கள்?”

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். “அப்பாதான் சார் பேசினாரு. செங்கடல்ல கப்பலை அடிக்கிறாங்களாம். கப்பல் வர்ற நாளெல்லாம் மாறிப் போகுது, டிரிப் எப்ப இருக்கும்னே தெரியலன்னு சொன்னாரு.”

அவருடைய தந்தை கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர். அந்த நவம்பர் மாதம் முதல், ஏமனிலுள்ள ஹவுதி படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. ஐரோப்பாவுக்குப் போகும் பயணம் ஏறக்குறைய பத்து நாள் நீண்டது. டிசம்பர் 20ஆம் தேதி நம் அரசாங்கமும், இஸ்ரேலைச் சேர்ந்த ‘ஸிம்’ நிறுவனக் கப்பல்கள் மலேசியத் துறைமுகங்களுக்கு வரக்கூடாது என்று தடை விதித்தது.

“இதைத்தானம்மா எழுதவேண்டும்” என்றேன். ஒரு நாட்டின் அரசாங்கமாக உலகம் ஏற்றுக்கொள்ளாத ஓர் ஆயுதக் குழு, உலக வணிகத்தின் பாதையையே எப்படி மாற்ற முடிகிறது? மலேசியா போன்ற நாடு துறைமுகத்தை மூடினால் அதற்கு எவ்வளவு பலம்? அதன் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது? இந்த மூன்று கேள்விகளை அந்தப் பெண் தானாகவே எழுதிக்கொண்டு வந்தார். பதில் தெரியாது என்பதையும் மறைக்காமல் எழுதினார். அதன்பிறகு தூதர் என்ற சொல் அந்தக் கட்டுரையில் தேவைப்படவே இல்லை.

கேள்வியில் பிறந்த துறை

இந்தத் துறையே அப்படிப் பிறந்ததுதான். 1919ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில்தான் உலகிலேயே முதன்முதலாக அனைத்துலக அரசியலுக்கென ஒரு துறை தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரில் பாதிக்கப்பட்ட அந்தக் கல்லூரி மாணவர்களின் நினைவாக, டேவிட் டேவிஸ் என்பவரும் அவருடைய சகோதரிகளும் நன்கொடை அளித்தார்கள். இத்தனை பிள்ளைகள் ஏன் சாகவேண்டும், இனி சாகாமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்விதான் இதற்கு அடித்தளம். ஆகவே, விண்ணப்பத்தைப் படிக்கும் விரிவுரையாளர் உங்களிடம் தேடுவதும் ஒரு கேள்வியைத்தான்.

பிரிட்டனுக்கு விண்ணப்பிப்போர்

பிரிட்டனுக்கு ‘யூகாஸ்’ எனும் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஐந்துக்கும் ஒரே கட்டுரைதான் போகும். ஆகவே, ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் புகழ்ந்து எழுதாதீர்கள். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் அக்டோபர் 15ஆம் தேதியே கடைசி நாள். மற்றவற்றுக்கு ஜனவரி மாதம்.

2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அந்தக் கட்டுரையின் வடிவம் மாறிவிட்டது. அண்ணனோ அக்காவோ எழுதிய பழைய கட்டுரையை மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது மூன்று கேள்விகள் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? உங்கள் கல்வி இதற்கு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது? கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது எவ்வகையில் பயன்படும்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள், மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்கு மேற்போகக்கூடாது. இடைவெளியும் கணக்கில் சேரும்.

முதல் கேள்விக்குத்தான் அந்தத் துறைமுகக் கதை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். சமையல் எண்ணெய் விலையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்கு வந்த அகதிக் குடும்பமாக இருக்கலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அப்படியிருந்தும் ரொஹிங்யா மக்கள் இங்கே பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களின் சட்ட நிலை என்ன என்று கேட்கத் தொடங்கினாலே நீங்கள் இந்தப் பாடத்திற்குள் வந்துவிட்டீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு, வரலாற்றில் ‘ஏ’ எடுத்தேன் என்று எழுதிப் பயனில்லை. மதிப்பெண் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் உங்களை எதைச் சிந்திக்க வைத்தது என்று எழுதுங்கள். சிப்பாடான், லிகித்தான் தீவுகள் வழக்கில் 2002ஆம் ஆண்டு அனைத்துலக நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டு பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்குப் போனது. இரண்டு முறையும் இந்த வட்டார நாடுகள் ஆயுதம் ஏந்தாமல் தீர்ப்பை ஏற்றன. ஏன்? வேறு வட்டாரங்களில் அது ஏன் நடப்பதில்லை? இப்படி ஒரு பத்தி எழுதினால் அது படிப்பு.

மூன்றாவது கேள்விக்கு, நம் பிள்ளைகளிடம் ஒரு செல்வம் இருக்கிறது. அதை அவர்கள் செல்வம் என்றே நினைப்பதில்லை. நாம் காலையில் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறோம், பள்ளியில் மலாய் மொழியில் படிக்கிறோம், இணையத்தில் ஆங்கிலச் செய்தி பார்க்கிறோம். ஒரே செய்தி மூன்று மொழிகளில் மூன்று விதமாக வருகிறது. காஸாவைப் பற்றியோ இலங்கையைப் பற்றியோ வந்த ஒரு செய்தியை எடுத்து, மூன்று மொழிகளிலும் படித்து, எது முன்னால் வைக்கப்படுகிறது, எது விடுபடுகிறது என்று குறித்துவையுங்கள். ஒரு மாதம் செய்தாலே எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும். ஒரு மொழி மட்டுமே தெரிந்த மாணவரால் இதைச் செய்ய முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிறருடைய கட்டுரையோடு ஒத்துப்போகிறதா என்று யூகாஸ் கணினி வழியாகச் சோதிக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கினால், நான் முதலில் சொன்ன அந்த ‘உலக அமைதி’ கட்டுரைதான் கிடைக்கும்.

உள்நாட்டில் படிக்க விரும்புவோர்

நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூபியு வழியாக விண்ணப்பிக்கிறோம். இங்கே கட்டுரை கிடையாது. மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்து விழுக்காட்டை அலட்சியம் செய்து இடம் இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முயேட் ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்திற்கு ஒத்திப்போடாதீர்கள்.

இன்னொரு சிக்கல் பெயர். ‘அனைத்துலக அரசியல்’ என்ற பெயரை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இது அனைத்துலக, வியூகவியல் ஆய்வு என்ற பெயரில் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்திலும் சபா பல்கலைக்கழகத்திலும் அனைத்துலக உறவுகள். உத்தாரா பல்கலைக்கழகத்தில் அனைத்துலக விவகார நிர்வாகம். பெயரை விட்டுவிட்டு, முதலாண்டில் என்னென்ன பாடங்கள் என்று பாருங்கள். ஓரிடத்தில் போரும் பாதுகாப்பும் அதிகமாக இருக்கும், வேறிடத்தில் பொருளாதாரமும் நிர்வாகமும் அதிகமாக இருக்கும். உங்கள் கேள்வி எதுவோ அதற்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால், மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கான பதிலே அங்கும் கைகொடுக்கும்.

நான் செய்த தவறு

அந்த மாணவிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பிரிட்டனில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தர முன்வந்தன. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால், பணத்திற்கு வழியில்லை. கட்டுரையைப் பத்து முறை திருத்திய நான், “மூன்று ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், யார் கட்டுவது?” என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கடிதம் வந்தபிறகு, அந்தத் தகப்பனார் என் முன்னால் உட்கார்ந்து, “வீட்டை அடகு வைக்கலாமா சார்?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லும் வேலையையும் நானே ஏற்றுக்கொண்டேன். அவர் அழவில்லை. “சரி சார், யூபியு பாரத்தை நிரப்புவோம்” என்றார். இன்று உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதே துறையைத்தான் படிக்கிறார்.

ஆகவே, பணக் கணக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிடிபிடிஎன் கடன் உள்நாட்டில் படிப்பவர்களுக்கு உரியது. பலரும் கேட்கும் செவனிங் உபகாரச் சம்பளம் முதுகலைப் படிப்புக்குத்தான், இளங்கலைக்குக் கிடையாது. இளங்கலையை இங்கே முடித்து, வேலை அனுபவத்தோடு முதுகலைக்கு வெளியே போவதும் நல்ல வழிதான்.

அந்த அம்மாவின் கேள்வி

இனி, என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொல்கிறேன். விஸ்மா புத்ராவில் தூதரக அதிகாரியாக இந்தப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. பிடிடி எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். தேர்வு கடினம், போட்டி அதிகம். ஆகவே, இந்தப் பட்டம் தூதரகத்திற்கு நுழைவுச்சீட்டு அல்ல. படித்தவர்கள் பத்திரிகை, கப்பல், ஏற்றுமதி நிறுவனங்கள், வங்கி, அரசு சாரா அமைப்புகள், ஆசிரியத் தொழில் என்று பல இடங்களுக்குப் போகிறார்கள். எழுதவும், பேசவும், ஒரு செய்தியின் மறுபக்கத்தைப் பார்க்கவும் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் படித்தவர்களுக்கு எந்தத் துறையிலும் சிரமம்தான்.

நம்மவர்களில் இரண்டு பேரை நினைவுபடுத்துகிறேன். மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் இடம்பெற்றதை எதிர்த்து 1965 ஜனவரியில் இந்தோனேசியா ஐநாவை விட்டே வெளியேறியது. அதே ஆண்டு மே மாதம், டொமினிக்கன் குடியரசு நெருக்கடி விவாதிக்கப்பட்ட நேரத்தில், அந்த மன்றத்தின் தலைவர் நாற்காலியில் நம் நாட்டின் சார்பில் அமர்ந்திருந்தவர் ராதாகிருஷ்ண ரமணி, ஒரு வழக்கறிஞர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் ஒரு பத்திரிகையாளர். சட்டம் படிக்க லண்டன் போனார், போரினால் படிப்பு முடியவில்லை. அவர்தான் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராகி, 1967ஆம் ஆண்டு பேங்காக்கில் ஆசியானைத் தோற்றுவித்த ஐவரில் ஒருவராகக் கையெழுத்திட்டார். இருவரிடமும் இந்தப் பட்டம் இல்லை. கேள்வி கேட்கும் பழக்கமும் அதைத் தெளிவாகச் சொல்லும் திறனும் இருந்தன. அந்த இரண்டையும் மூன்று ஆண்டு உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது என்றால், அதை வீண் படிப்பு என்று எப்படிச் சொல்வது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு செய்தி பார்க்கும்போது, “இது நம் வீட்டை எப்படித் தொடும்?” என்று பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். ஆர்வத்தோடு பதில் தேடும் பிள்ளையாக இருந்தால், விண்ணப்பப் பாரத்தை வாங்கிக் கொடுங்கள். தோளைக் குலுக்கிவிட்டுப் போனால், வேறு துறை பாருங்கள், அதுவும் தவறில்லை.