கேட்கக் கற்றவர்

உடல் நோயை ஆராயும் மருத்துவருக்கு நாடியும் வெப்பமானியும் துணை நிற்கின்றன. உள்ளத்தின் நோயை ஆராய்பவருக்குத் துணையாவது எது? அமெரிக்க உளநூல் அறிஞர் காள் றொஜர்ஸ் இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு, நேயர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

1902ஆம் ஆண்டு, சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கிலே, ஆறு பிள்ளைகளுள் நான்காமவராக அவர் பிறந்தார். குடும்பமோ சமயப்பற்றும் கட்டுப்பாடும் மிக்கது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது பெற்றோர் பண்ணை ஒன்றை வாங்கினர். அங்கே அந்துப்பூச்சிகளை வளர்த்து ஆராய்ந்தும், கால்நடைத் தீவனம் பற்றிய நூலைப் படித்தும், எக்கருத்தையும் சோதித்தே ஏற்கும் பழக்கத்தை அவர் பெற்றார். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கற்கப் புகுந்தவர், சமய ஊழியத்தை நாடி வரலாற்றுக்கு மாறினார். 1922இல், கிறிஸ்தவ மாணவர் மகாநாட்டின் பொருட்டுச் சீனா சென்றார். நேர்மையுள்ளோரும் சமயக் கொள்கையில் மாறுபடலாம் என்பதை அப்பயணம் உணர்த்தியது. 1924இல் நியூயோர்க்கில் இறையியற் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும், ஒரு கொள்கையை என்றும் நம்பியே தீரவேண்டிய தொழில் தமக்கு ஒவ்வாது எனக் கண்டு, வீதியின் மறுபுறத்திருந்த கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்கு மாறினார்.

1927-28இல் சிறுவர் வழிகாட்டல் நிலையமொன்றிலே அவர் பயிற்சி பெற்றார். அங்கே பிறொய்டின் கொள்கை மேலோங்கியிருந்தது. கல்லூரியிலோ அளவீடும் புள்ளிவிபரமுமே அறிவு எனப்பட்டன. ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரு உலகங்களுக்கிடையே அவர் தொழிலைக் கற்றார்.

1928இல் றொச்செஸ்ரர் நகரிலே, துன்புற்ற சிறுவர்க்கான நிலையத்திற் பணியேற்றார். ஒருநாள், அடங்காத சிறுவன் ஒருவனின் தாயை நெறிப்படுத்தும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. மகனைத் தாய் சிறு வயதிலே வெறுத்து ஒதுக்கியதே குறைக்குக் காரணம் என அவர் முடிவு செய்தார். பல நாட் பேசி, அதனை அவளுக்கு விளங்கவைக்க முயன்றார். பயன் சிறிதும் விளையவில்லை. இருவரும் முயன்றும் முடியவில்லை என்று கூறி, சந்திப்புகளை நிறுத்திவிட இசைந்தார்கள். விடைபெற்று வாயிலை அடைந்த தாய் திரும்பி, "இங்கே வளர்ந்தவர்களுக்கும் ஆலோசனை வழங்குவதுண்டா?" எனக் கேட்டாள். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தன் இல்வாழ்வின் துயரத்தையும் குழப்பத்தையும் கொட்டினாள். அதுவரை எழுதிவைத்த குறிப்புகளில் இல்லாத உண்மைகள் அவை! அவர் பேசவில்லை, கேட்டார். காலப்போக்கில் தாயும் நலமடைந்தாள், மகனும் திருந்தினான்.

நோவு எங்கே என்பதையும், எத்திசையிற் செல்லவேண்டும் என்பதையும் துன்புறுபவரே அறிவார் என்னும் பாடம் இதனாற் பிறந்தது. 1942இல் வெளியிட்ட நூலிலே, உதவி நாடி வருபவரை 'நோயாளி' என்னாது 'கட்சிக்காரர்' என்னும் பொருள்படும் சொல்லால் அவர் அழைத்தார். உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, ஒருவரின் சந்திப்புகள் முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். பண்ணையிற் பெற்ற சோதனைப் பழக்கம் இங்கே பயன் தந்தது. உதவுபவரிடம் பாசாங்கின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, மற்றவர் நிலையிலிருந்து உணரும் ஆற்றல் ஆகியன வேண்டும் என 1957இல் வகுத்துரைத்தார். 1987இல் அவர் காலமானார்.

கடும் மனநோய்க்கு இம்முறை மட்டும் போதாது. மருந்தும் மருத்துவரும் வேண்டும். ஆயினும் இதிலுள்ள படிப்பினை வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது. பிழை செய்த பிள்ளை முன்னே நிற்கும்போது, பெற்றோரும் ஆசிரியரும் காரணத்தைத் தாமே தீர்மானித்து அறிவுரை தொடங்கிவிடுகின்றனர். பிள்ளை தன் சொற்களிலே சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்போர் சிலரே. அறிவுரை கூறக் கல்வி போதும்; இடைமறியாது கேட்பதற்கோ அன்பும் அடக்கமும் வேண்டும்.