ஊசியும் செய்நிரலும் ஒரே மேசையில்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நான் லண்டனில் ஒரு பெண்கள் பாடசாலையில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம் படிப்பிக்கிறேன். வாரத்தில் ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு 'கொஸ்பிளே' வகுப்பும் நடத்துகிறேன். 'கொஸ்ரியூம்', 'பிளே' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து யப்பானில் உருவான சொல் அது. கதையிலோ சித்திரப் படத்திலோ வரும் ஒரு பாத்திரத்தின் உடையைத் தாங்களே செய்து, உடுத்து, அந்தப் பாத்திரமாகவே உலாவுவதுதான் கொஸ்பிளே. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்து ஆடுவோரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது அப்படியொன்றும் அந்நியமல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. என் மாணவிகள் செய்யும் உடை ஒளிரும், அசைவை உணரும். அதற்குரிய செய்நிரலையும் அவர்களே எழுதுகிறார்கள்.

முதல் நாள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஊசி, சிறிய எல்ஈடி மின்குமிழ், 3 வோல்ற் பற்றரி, மின்கடத்தும் நூல் ஆகியவற்றைக் கொடுப்பேன். அந்த நூல் துருப்பிடிக்காத உருக்கு இழையாலானது. சாதாரண நூலோட்டம் போட்டால் போதும், தையலே வயராகிவிடும். ஆனால் நேர்ப் பக்கத் தையலும் மறைப் பக்கத் தையலும் ஒன்றையொன்று தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும். முடிச்சின் வாலை ஒட்ட வெட்டாவிட்டாலும் அதே கதிதான். "பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டு" என்று எங்கள் தையல் ரீச்சர் கேட்டது அழகுக்காக. நான் அதையே கேட்பது மின்சுற்றுக்காக.

ஒரு மாணவி மயில் இறகு உடை செய்தாள். பற்றரிக்குக் கிட்ட இருந்த மின்குமிழ்கள் நன்றாக எரிந்தன, தூரத்தில் இருந்தவை மங்கின. காரணத்தை நான் சொல்லவில்லை. அவளே மானியால் அளந்து, நூல் நீள நீளத் தடை கூடுவதைக் கண்டுபிடித்தாள். நூலை இரட்டையாக ஓட்டினாள், பற்றரியை நடுவுக்கு மாற்றினாள். பௌதிகவியல் புத்தகத்தில் இரண்டு வரியில் வரும் விடயம் அவளுக்கு இனி மறக்காது.

அடுத்தது செய்நிரல். பிபிசி நிறுவனம் 2016இல் பிரித்தானியாவின் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய 'மைக்ரோபிட்' என்ற சின்னப் பலகையைப் பாவிக்கிறோம். அதில் 25 மின்குமிழ்களும் இரண்டு பொத்தான்களும் அசைவை உணரும் கருவியும் உண்டு. "கை உயர்ந்தால் இறகு ஒளிரட்டும், தாழ்ந்தால் அணையட்டும்" என்பதே அவர்கள் எழுதும் முதல் நிபந்தனை. நிறம் மாறும் மின்குமிழ்களுக்கு வரும்போது கணக்குத் தேவைப்படும். முழு வெள்ளை ஒளியில் ஒன்றுக்கு ஏறத்தாழ 60 மில்லியம்பியர் என்றால் 20 மின்குமிழுக்கு 1.2 அம்பியர். பொத்தான் பற்றரி அதைத் தாங்காது. ஆகவே ஒளியைச் செய்நிரலால் குறைக்க வேண்டும், அல்லது பெரிய பற்றரிப் பெட்டியை இடுப்பில் கட்ட வேண்டும். பலகையை உலோக அழுத்துப் பொத்தான்களால் இணைத்தால், உடையைத் தோய்க்கும்போது கழற்றலாம், அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. துணியில் தைக்கக்கூடிய 'லிலிபாட்' என்ற கணினிப் பலகையை அமெரிக்க ஆய்வாளர் லியா பியூக்லி வடிவமைத்தார். அது 2007இல் விற்பனைக்கு வந்தது. அதைக்கொண்டு செய்யப்பட்ட ஆக்கங்களை அவரும் இன்னொருவரும் திரட்டிப் பார்த்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்கு 65 பெண்கள் செய்தவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த சாதாரணப் பலகையில் பெண்கள் செய்தவையோ மிகச் சில. உள்ளே இருந்த தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது கதவு. பெண்களுக்கு இலத்திரனியல் வராது என்பதல்ல, அவர்கள் நுழையக்கூடிய கதவு திறக்கப்படவில்லை என்பதே உண்மை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நூற்றாண்டு நினைவாகக் கணினிக் கூடம் அமைக்கப் பணம் சேர்க்கிறோம், நல்ல விடயம். ஆனால் அதற்கு இடம் எடுக்கத் தையல் அறையை ஒழித்து, பழைய தையல் மெசின்களை விற்றுவிடலாம் என்றும் ஒரு யோசனை இருப்பதாக அறிந்தேன். தையல் 'கெட்டிக்காரர் அல்லாதோருக்கான பாடம்' என்ற எண்ணம் எங்கள் காலத்திலும் இருந்தது. கணிதம் படித்தவர் ஊசியைத் தொடவில்லை, ஊசி பிடித்தவருக்குக் கணிதம் வரும் என்று யாரும் நம்பவில்லை. இரு பக்கமும் நட்டம்.

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். மெசின்களை விற்காதீர்கள், எண்ணெய் போட்டுத் திருத்துங்கள். இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு கதவு வையுங்கள். முதல் தொகுதிப் பலகைகளையும் நூலையும் லண்டனில் உள்ள எங்கள் மாணவிகள் சேர்ந்து அனுப்புவோம். விடுமுறையில் நானும் வந்து ஆசிரியைகளோடு ஒரு வாரம் இருந்து பழக்குவேன். எந்தப் பாத்திரத்தின் உடையைச் செய்வது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.