செத்த மண்ணுக்கு உயிர் கொடுப்போம்!

(சாகுபுரத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யார் மறக்க முடியும்? பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அன்று பள்ளிவாசல் கதவுகளைத் திறந்தோம். சாதி, மதம் பாராமல் சோறு பொங்கிக் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ்!

தண்ணீர் வடிந்ததோடு கடமை முடிந்துவிட்டதா? ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்தவர்களின் கதி என்ன? வெள்ளம் மேல்மண்ணை அரித்தது, மணலைக் கொட்டியது. நீர் தேங்கிய நிலத்தில் காற்றின்றி நுண்ணுயிர்கள் மடிந்தன. யூரியாவை மட்டும் கொட்டினால் மணல் அதைப் பிடித்து வைக்குமா?

குப்பையே மருந்து

சாய்ந்த வாழை, இலைதழை, ஆகாயத்தாமரை இவற்றை நறுக்கி, அடுக்கடுக்காகப் போட்டுச் சாணிக்கரைசல் தெளியுங்கள். ஈரம் காயாமல், 15 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். சுமார் மூன்று மாதத்தில் மட்கிய உரம் தயார். மட்காததை அப்படியே உழுதால், அது மட்குவதற்கே மண்ணின் தழைச்சத்து போய்விடும். பிளாஸ்டிக், எண்ணெய் படிந்த கழிவு, உப்பளச் சேறு, வாடல்நோய் கண்ட வாழை இவற்றைச் சேர்க்காதீர்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2004 சுனாமியில் உப்பேறிய நாகை மாவட்ட வயல்களை மீட்க, நம்மாழ்வார் விவசாயிகளோடு களமிறங்கினார். சேற்றை அகற்றினார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், இயற்கை உரமிட்டார்கள். நிலம் மீண்டது.

மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நட்டதில் பறவை தின்றாலும் நட்டவருக்கு அது தர்மம் என்றார்கள். தின்பவர் எந்த மதம் என்று அங்கே கேள்வியில்லை!

எனவே ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்: மஹல்லாவுக்கு ஓர் உரக்குழி அமையுங்கள். பைத்துல்மாலின் சதகா நிதியிலிருந்து ஏழை விவசாயிக்கு டிராக்டர் வாடகை கொடுங்கள். அரசுக்கு நம் கோரிக்கை: மக்கும் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கி விவசாயிக்குக் கொடு! அடங்கலில் பெயர் ஏறாத குத்தகைதாரருக்கும் வெள்ள நிவாரணம் கொடு! வியர்வை சிந்தியவனை விட்டுவிட்டுப் பட்டா வைத்திருப்பவனுக்கு மட்டும் கொடுப்பது நீதியாகாது.

வறண்ட பூமியை மழையால் உயிர்ப்பிக்கும் ரப்பு, நம் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.