ஏரிக்கு வெளியே இருக்கும் சரணாலயம்

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் அதன் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இத்தனை குஞ்சுகளுக்கும் அந்தச் சிறிய ஏரியில் இரை கிடைக்காது. பெற்றோர்ப் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் போய் மீனும் நத்தையும் தவளையும் கொண்டுவருகின்றன. ஏரி தொட்டில்தான், அடுக்களை வெளியே இருக்கிறது. அந்த வயல்கள் மனைகளாகிவிட்டால், ஏரிக்கரையில் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் பயன் இல்லை. ஆகவே வேடந்தாங்கலைக் காப்பது முதலில் நிலப் பயன்பாடு பற்றிய கேள்வி, அதன்பிறகே வனத்துறையின் வேலை என்பது என் வாதம்.

பறவைக்கும் வயலுக்கும் உள்ள இந்தத் தொடர்பை அதிகாரிகளுக்கு முன்பே அறிந்தவர்கள் அவ்வூர் உழவர்கள். பறவைகளை வெள்ளையர் சுட்டதை எதிர்த்து அவர்கள் முறையிட, 1798இல் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். அவர்கள் கேட்டது கருணையால் மட்டும் அன்று. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இந்தத் தன்னலத்தை நான் குறையாகக் கருதவில்லை. இரண்டு நூற்றாண்டு தாங்கிய பாதுகாப்புக்கு அதுவே அடித்தளம். ஆனால் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு எல்லை உண்டு. சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஆண்டுதோறும் நாளிதழ்கள் எழுதுகின்றன. வெடியை ஊரார் நிறுத்தலாம். பக்கத்து ஊர் ஆலையின் கழிவுநீரை எப்படி நிறுத்துவார்கள்? அங்கே சட்டம் வேண்டும்.

வேடந்தாங்கலில் அந்தச் சட்டப் பாதுகாப்பு 1998இல் அரசு அறிவிக்கையாக வந்தது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்திலுள்ள பகுதி சரணாலயமாயிற்று. ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். 2020இல் இதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை எழுந்தது. கேட்பதற்கு இரண்டே கிலோமீட்டர்தான். கணக்கிட்டால் 28 சதுர கிலோமீட்டரே எஞ்சும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த முயற்சி நின்றது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலமும் ஆயிற்று.

இந்த வட்டத்தைக் காப்பதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. நகரத்தார் பார்த்து மகிழும் பறவைக்காக, உழவன் மட்டும் தன் நிலத்தின் விலையேற்றத்தை இழக்க வேண்டுமா? கேள்வி நியாயமானது. அடிக்கிற வெயிலில் நாற்று நடாதவர்கள் இதை எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். நெல் கட்டுப்படியாகாதபோது நிலத்தை விற்பவரைப் பழிக்க எவருக்கும் உரிமை இல்லை. வட்டத்தைச் சுருக்குவது இதற்கு விடை ஆகாது; உழவனுக்கு வரும் விலை ஒருமுறைதான், ஏரிப்பாசனமோ ஆண்டுதோறும் வேண்டும். வட்டத்துக்குள் நெல் விளைவிப்பதை ஆதாயமான தொழிலாக்குவதே விடை: வரத்துக்கால்வாய்களைத் தூர்வாருவது, கொள்முதலில் முன்னுரிமை தருவது, பார்வையாளர் கட்டணத்தில் ஊராட்சிக்குப் பங்கு கொடுப்பது. பறவைகள் வேறு ஏரிக்குப் போய்விடுமே என்பாரும் உண்டு. போகும், அந்த ஏரியைச் சுற்றியும் வயல் மிஞ்சியிருந்தால்.

அப்படி வயலை மிஞ்சவைக்க ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். எந்த வயலில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்குகிறது என்பதை அக்குழு பதிவேட்டில் எழுதட்டும். விளைநிலத்தை மனையாக மாற்றக் கோரும் எந்த விண்ணப்பத்தையும், அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் நகர் ஊரமைப்பு அலுவலகம் ஏற்கக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும்.