பசியும் கையிருப்புக் கணக்கும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. உடல்நலம் பத்தி பேசச் சொன்னாங்க. முருங்கைக்கீரை பத்தி முன்னாடி பேசினவங்களே முடிச்சிட்டாங்க, அதனால நான் பசியைப் பத்திப் பேசுறேன். நர்சிங் படிக்கிற என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தப்போ சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வெச்சது இது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடம்னு ஒண்ணு இருக்கு. எலி வளர்த்து ஆராய்ச்சி பண்ற இடம். 1949-ல் அங்கே சில எலிகள் மட்டும் நிறுத்தாமல் தின்று, மற்ற எலிகளைப் போல மூணு மடங்கு எடைக்கு வந்துச்சு. பின்னால அதே மாதிரி இன்னொரு குண்டு எலி வகையும் கிடைச்சது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி என்ன செய்தார்னா, ரெண்டு எலிகளை ஆபரேஷன் செய்து பக்கத்துல பக்கத்துல ஒட்டினார். ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்குள்ள போகும். கேட்கவே சங்கடமாத்தான் இருக்கு, ஆனா விஷயம் அதுல இருக்கு.

ரெண்டாவது வகை குண்டு எலியோடு ஒட்டின சாதாரண எலி, தீனி முன்னாடியே இருந்தும் தொடாமல் பட்டினியில் செத்துப்போச்சு. முதல் வகை குண்டு எலியை ஒட்டினாலும் அதே கதி. அப்போ ரத்தத்தில் "போதும்"னு சொல்ற ஏதோ ஒண்ணு ஓடுது. முதல் வகை எலிக்கு அது சுரக்கவே இல்லை. ரெண்டாவது வகைக்கு நிறைய சுரக்குது, ஆனா மூளைக்குக் கேட்கலை. கோல்மன் சொன்னதை அப்போ நிறைய பேர் ஒத்துக்கலை. குண்டா இருந்தா வாயைக் கட்டலைன்னுதானே அங்கேயும் பேச்சு!

1994-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழுவினர் அந்தப் பொருளுக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு லெப்டின்னு பேர். கிரேக்க மொழியில் ஒல்லின்னு அர்த்தம் வர்ற சொல்லிலிருந்து வெச்சது. அதைச் சுரக்கிறது எது தெரியுமா? நம்ம உடம்புக் கொழுப்பேதான்.

நம்ம கூட்டத்தை நினைச்சுக்குங்க. பொருளாளர் எழுந்து கையிருப்பு இவ்வளவுன்னு வாசிக்கிறாங்க. தலைவி அதைக் கேட்டு முடிவு எடுக்கிறாங்க. கொழுப்புதான் கையிருப்பு, லெப்டின் பொருளாளர், மூளை தலைவி. பொருளாளர் வரவே இல்லைன்னா பணம் இல்லைன்னு நினைச்சு தலைவி "கட்டு, கட்டு"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அதுதான் தீராத பசி.

மனுஷங்களிலும் அப்படி உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் 1997-ல் பாகிஸ்தானிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளைகள் ரெண்டு பேரைப் பத்தி எழுதினாங்க. 8 வயசுப் பெண்ணுக்கு 86 கிலோ, அவளோட சொந்தக்காரப் பையன் 2 வயசுலயே 29 கிலோ. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் குடும்பம். ரெண்டு பேருக்கும் லெப்டின் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு தினமும் லெப்டின் ஊசி போட்டாங்க. 94 கிலோ வரைக்கும் போனவள், ஒரு வருஷத்தில் 16 கிலோ குறைஞ்சா. அதுவரை அந்தப் பிள்ளையை எத்தனை பேர் திட்டியிருப்பாங்கன்னுதான் எனக்கு முதலில் தோணிச்சு.

இது ரொம்ப அபூர்வம். நம்மில் குண்டா இருக்கிறவங்களுக்கு லெப்டின் நிறையவே இருக்கு, பொருளாளர் கத்தி வாசிக்கிறாங்க, தலைவி காதில் ஏறலை. அதனால அவங்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தும் பெரிய பலன் இல்லை. இன்னொண்ணு, சாப்பாட்டை வெட்டிக் குறைச்சா லெப்டினும் இறங்கும். பஞ்சம் வந்துடுச்சுன்னு மூளை நினைச்சு பசியைக் கூட்டும், உடம்பு செலவைச் சுருக்கும். எங்க குழுவில் ஒரு தங்கச்சி உள்கடன் வாங்கி எடை குறைக்கிற பவுடர் டப்பா வாங்கினா. மூணு மாசத்தில் இறங்கினது ஆறு மாசத்தில் ஏறிடுச்சு, கடன் மட்டும் இறங்கலை. மாமியார் வீட்டில் "தின்னே கொழுத்தவ"ங்கிற பேச்சும் நிக்கலை. இந்த டப்பாவை விற்க ஆள் நம்ம கூட்டத்துக்கே வருது. அடுத்த கூட்டத்தில் இதுக்கு உள்கடன் கிடையாதுன்னு தீர்மானம் போடணும், நான் கையெழுத்துப் போடத் தயார்.

அதுக்காக இஷ்டத்துக்குச் சாப்பிடச் சொல்லலை. சுகர், பிரஷர் பார்த்துக்குங்க.

தூக்கத்தையும் சொல்லிடுறேன். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க. பத்து மணி நேரம் படுத்தப்போ இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைஞ்சது, பசியைத் தூண்டுற கிரெலின் 28 சதவீதம் கூடிச்சு. பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவிப் படுத்து, நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவங்க இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்குங்க பாப்போம்.

ஊக்குநர் அக்கா மணி அடிக்கிறாங்க. நோட்டு என்கிட்டதான் இருக்கு, வேணுங்கிறவங்க பந்தியில் வந்து கேளுங்க.