மெயிலில் வந்த ஸ்லைடு ஷோ ஏன் திறக்க மாட்டேங்குது?

போன எபிசோடு வந்த பிறகு திண்டிவனத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மெயில்ல ஒரு ஸ்லைடு ஷோ வந்திருக்கு, டபுள் கிளிக் பண்ணினா "இதை எதுல திறக்கணும்?"னு கம்ப்யூட்டர் அவரையே கேக்குது. கடையில காட்டினா, "சார், ஃபார்மட் போட்டாதான் சரியாகும்"னு சொல்லியிருக்காங்க. போடலாமா சார்னு கேட்டிருந்தார்.

போடாதீங்கன்னு உடனே பதில் அனுப்பிட்டேன். அவ்வளவு அவசரமா ஏன் சொன்னேன்னா, அதே ஃபார்மட்டை ஒருத்தங்களுக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்.

2009. விழுப்புரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில வேலை பார்த்துட்டிருந்தேன். அப்ப மெயில்ல ஸ்லைடு ஷோ வராத வீடே கிடையாது. ரோஜாப்பூ, குழந்தை, மலை, சாமி படம், பின்னாடி ஒரு புல்லாங்குழல். ஒருத்தர் நாற்பது பேருக்கு ஃபார்வர்டு பண்ணுவார், அந்த நாற்பது பேரும் ஆளுக்கு நாற்பது பேருக்கு. அந்த ஃபைல்கள் எல்லாம் பிபிஎஸ்னு முடியும். ஒரு டீச்சர் சிபியூவை ஆட்டோவில தூக்கிட்டு வந்தாங்க. "தம்பி, எம்பொண்ணு அனுப்புற படம் எதுவும் திறக்கல. போன மாசம் வரைக்கும் நல்லா ஓடிச்சு"ன்னாங்க.

ஆன் பண்ணிப் பார்த்தேன். எல்லா ஸ்லைடு ஷோவுக்கும் பாட்டுப் போடுற மீடியா பிளேயரோட ஐகான். கிளிக் பண்ணினா பிளேயர் திறந்து, இதை இயக்க முடியாதுங்குது. வைரஸ்னு முடிவு பண்ணிட்டேன். "டீச்சர், ஃபார்மட் போட்டுடலாமா? டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்"னு கேட்டேன். அவங்களுக்கு சி எது, டி எதுன்னு தெரியாது. "நீ சொன்னா சரி தம்பி." போட்டேன். பவர்பாயிண்ட் வியூவரை ஏத்தினேன், ஸ்லைடு ஷோ ஓடிச்சு, 300 ரூபாய் வாங்கினேன்.

சாயந்திரம் ஃபோன் வந்துது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, எங்க தம்பி? அவங்க வீட்டுக்காரர் இறக்கறதுக்கு முந்தின வருஷம் பேரனோட காதுகுத்துல எடுத்த படங்கள். டெஸ்க்டாப் இருக்கறது சி டிரைவ்ல. நான் அங்கதான் புது விண்டோஸை எழுதியிருந்தேன். ரெண்டு நாள் மீட்பு மென்பொருள் வச்சுப் போராடி பதினோரு படம் எடுத்தேன், பாதி படத்துக்கு மேல கோடு கோடா. அவங்க திட்டவே இல்ல. அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

ஒரு வாரம் கழிச்சு அதே கோளாறோட இன்னொரு கம்ப்யூட்டர் வந்துது. எங்க கடையில மூத்தவர் ஒருத்தர், அண்ணன்னுதான் கூப்பிடுவோம், அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணினார். 'ஓப்பன் வித்'. பட்டியல்ல பவர்பாயிண்டைத் தேர்ந்தெடுத்து, கீழ இருக்கிற 'ஆல்வேஸ்' கட்டத்துல டிக் போட்டார். அரை நிமிஷம் கூட ஆகல. டீச்சர் வீட்லயும் அதுதான் நடந்திருக்கு. பாட்டு வருதேன்னு யாரோ ஒருநாள் பட்டியல்ல மீடியா பிளேயரைக் கிளிக் பண்ணி, அதே கட்டத்துல டிக்கையும் விட்டிருக்காங்க.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் பக்கம் போனா மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சீட்டு. தூக்கறவர் மூட்டையைப் பிரிச்சுப் பார்க்க மாட்டார், சீட்டைப் பார்ப்பார். விண்டோஸும் அப்படித்தான். ஃபைல் பேருக்குக் கடைசியில, புள்ளிக்கு அப்புறம் வர எழுத்துகள்தான் சீட்டு. எந்தச் சீட்டை எந்த மென்பொருள் வாங்கிக்கணும்னு ரெஜிஸ்ட்ரியில ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல ஒரு வரி மாறிப்போச்சுன்னா ஃபைல் திறக்காது. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

இதுல ஒரு வேடிக்கை. பவர்பாயிண்ட் 1987-ல் முதல்ல மேக்கின்டாஷுக்குத்தான் வந்துது. அந்தக் கால மேக்ல இந்தப் புள்ளி, மூணெழுத்து எதுவுமே தேவையில்ல. இது என்ன வகை, எந்த மென்பொருள் உருவாக்கினதுன்னு நாலு நாலு எழுத்துல ஃபைலோடயே தனியா எழுதி வச்சிருக்கும். நாம டாஸ் காலத்து வழக்கத்துல, எட்டெழுத்துப் பேரு, மூணெழுத்து வால்னு மாட்டிக்கிட்டோம்.

மெயில் வழியா வரும்போது இன்னொரு சீட்டும் சேரும். மைம்னு பேரு. நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து வகுத்தது. 1992 மார்ச்சில் போரன்ஸ்டைன் அனுப்பிச் சோதிச்ச இணைப்பு, அவர் பாடுற குழுவோட படமும் பாட்டும். அனுப்புற கம்ப்யூட்டருக்கு வகை தெரியலன்னா 'ஆக்டெட் ஸ்ட்ரீம்'னு எழுதிடும். ஏதோ பைட்டுகள், என்னன்னு கேக்காதீங்கன்னு அர்த்தம். ஃபோன்ல "இதைத் திறக்க ஆப் இல்லை"ன்னு வர நேரத்துல பல தடவை இதுதான் காரணம். டவுன்லோடு பண்ணிட்டு, ஸ்லைடு திறக்கிற ஆப்பை முதல்ல திறந்து, அதுக்குள்ள இருந்து ஃபைலைத் தேடி எடுங்க. கம்ப்யூட்டர்லயும் இந்த வழி நடக்கும். பட்டியல் எவ்வளவு குழம்பியிருந்தாலும் இந்த வழிக்கு அது தேவையே இல்ல.

அடுத்தது திண்டிவனத்துக் கதை, 2012-ன்னு ஞாபகம். ஒரு கல்லூரி மாணவி, எங்க தெருக்காரரோட சொந்தக்காரப் பொண்ணு. பிரவுசிங் சென்டர்ல இருந்து அழாக்குறையா ஃபோன் பண்ணுது. "அண்ணா, நாளைக்கு பிராஜெக்ட் ரிவ்யூ. எங்க டீம்ல எல்லாருதையும் சேர்த்து பிபிடி மெயில்ல வந்துது. இங்க இறக்கினா ஜிப்னு வருது. பிரிச்சுப் பார்த்தா ஏதேதோ ஃபோல்டர், எக்ஸ்எம்எல்னு என்னென்னமோ இருக்கு. கரப்ட்டுனு சொல்றாங்கண்ணா."

கரப்ட் ஆகல. ஆபீஸ் 2007-ல் இருந்து வந்த பிபிடிஎக்ஸ், பிபிஎஸ்எக்ஸ் எல்லாமே நிஜமாவே ஜிப் மூட்டைதான். ஸ்லைடு ஒவ்வொண்ணும் உள்ள ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், படங்கள் தனி ஃபோல்டர்ல. இப்படி ஒரு ஃபைலை நோட்பேடுல திறந்தீங்கன்னா முதல் ரெண்டு எழுத்து பி, கே. ஜிப்பை உருவாக்கின ஃபில் கட்ஸோட இனிஷியல். (திறந்து பார்க்கலாம், சேவ் மட்டும் பண்ணிடாதீங்க.) அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர், சர்வர்ல இருந்து சரியான சீட்டு வரலன்னா, உள்ள எட்டிப் பார்த்து, ஓ இது ஜிப்னு தானே பேரை மாத்திடும். புத்திசாலித்தனம் கூடினதால வந்த கோளாறு.

"பிரிச்சதை விட்டுடும்மா. அந்த ஜிப் மேல ரைட் கிளிக் பண்ணி ரீநேம் கொடுத்து, கடைசியில பிபிடிஎக்ஸ்னு மாத்து"ன்னேன்.

"மாத்திட்டேண்ணா. இன்னும் ஜிப்பாவேதான் இருக்கு."

விண்டோஸ் 95-ல் இருந்தே தெரிஞ்ச வகையோட வாலை விண்டோஸ் மறைச்சுத்தான் காட்டும், அதுதான் அங்கயும் நடந்திருக்கு. அந்தப் பொண்ணு கண்ணுக்கு 'ரிவ்யூ'ன்னுதான் தெரியும். அதுக்குப் பின்னாடி பிபிடிஎக்ஸ்னு அடிச்சா, நிஜப் பேரு 'ரிவ்யூ டாட் பிபிடிஎக்ஸ் டாட் ஜிப்'. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ, அதுல 'ஹைடு எக்ஸ்டென்ஷன்ஸ்'ங்கிற டிக்கை எடுக்கச் சொன்னேன். விண்டோஸ் 11-ல்னா ஃபைல் எக்ஸ்புளோரர்ல வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. இப்ப வால் தெரிஞ்சுது. ஜிப்பை எடுத்துட்டு என்டர் தட்டினதும் விண்டோஸ் எச்சரிக்கும், எஸ் கொடுக்கலாம். திறந்துடுச்சு.

திறந்ததும் அடுத்த அழுகை. தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தா, கமாவும் அடைப்புக்குறியுமா தெரியுது. அது எழுத்துரு விவகாரம். யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவுல யாரோ அடிச்சிருக்காங்க, அந்த எழுத்துரு சென்டர்ல இல்ல. அதுக்குத் தனி எபிசோடே வேணும். டைப் பண்ணவங்களையே ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னோம், ரிவ்யூ நடந்துச்சு.

வாலைக் காட்டச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000 மே மாசம் உலகத்தையே ஆட்டிவச்ச ஐ லவ் யூ வைரஸ், காதல் கடிதம்னு பேர் போட்ட ஒரு டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி வந்துது. நிஜ வால் டிஎக்ஸ்டிக்குப் பின்னாடி, விபிஎஸ்னு. வால் மறைஞ்சிருந்ததால பார்த்தவங்க கடிதம்னே நம்பினாங்க. அதனால பிபிஎஸ்னு காட்டி அதுக்கப்புறம் இஎக்ஸ்இ-ன்னு முடிஞ்சா, எந்த மென்பொருளையும் தேடாதீங்க, அழிச்சிடுங்க. பிபிஎஸ்எம், பிபிடிஎம்னு எம்-ல முடிஞ்சா உள்ள மேக்ரோ இருக்க முடியும். அனுப்பினவர்கிட்ட ஃபோன்ல கேட்டுட்டுத் திறங்க.

நம்ம திண்டிவனத்து நேயர்கிட்ட வருவோம். அவர் அனுப்பின ஸ்கிரீன் ஷாட்டைப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர், ஆபீஸ் காலாவதி ஆனதும் எடுத்துட்டாராம். சீட்டு சரி, வாங்கிக்க ஆள் இல்ல. முன்னாடின்னா பவர்பாயிண்ட் வியூவரை ஏத்துன்னு சொல்லியிருப்பேன். அதை மைக்ரோசாஃப்ட் 2018-லயே நிறுத்திடுச்சு. லிப்ரே ஆபீஸ் போட்டுக்கச் சொன்னேன். காசில்ல, அதுல இம்பிரஸ்னு ஒண்ணு பிபிடி, பிபிஎஸ் ரெண்டையும் திறக்கும். 2011-ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல படிச்ச பிள்ளைகள் வீட்ல இருந்தா இதைப் பார்த்திருப்பாங்க, விண்டோஸோட சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் அதுல வந்துது. விழுப்புரத்துல லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கு, இப்படிக் கட்டற்ற மென்பொருள் எல்லாம் சொல்லிக் கொடுக்கறாங்க.

ஏத்தின பிறகும் கேள்வி கேட்டா, செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ். அங்க பிபிஎஸ், பிபிஎஸ்எக்ஸ், பிபிடி, பிபிடிஎக்ஸ் நாலுக்கும் தனித்தனியா இம்பிரஸைக் காட்டணும். ஒண்ணுக்குக் காட்டினா மத்ததுக்கும் ஆகிடும்னு நினைச்சுத்தான் பலர் பாதியில நிக்கறாங்க. இதுல பிபிஎஸ்னா நேரா முழுத்திரையில ஓட ஆரம்பிச்சிடும், பிபிடின்னா திருத்தற மாதிரி திறக்கும். உள்ளடக்கம் ஒண்ணுதான். வந்த பிபிஎஸ்ல ஒரு எழுத்தைத் திருத்தணும்னா வாலை பிபிடின்னு மாத்தினாலே போதும்.

நேத்து ராத்திரி அவர்கிட்ட இருந்து பதில் வந்துது. திறந்துடுச்சாம். உள்ள ஒரு ரோஜாப்பூ, ஒரு மலை, பின்னாடி புல்லாங்குழல். "சார், இதுக்கா இவ்ளோ பாடு"ன்னு கேட்டிருந்தார். கூடவே இன்னொண்ணும் கேட்டார், அதே கம்ப்யூட்டர்ல அவங்க அப்பாவோட பழைய படங்கள் இருக்காம், எதுல காப்பி எடுத்து வைக்கலாம்னு. ரெண்டு இடத்துல வைங்க, ஒண்ணு வீட்டுக்கு வெளியன்னு சொல்லியிருக்கேன். அதைப் பத்தி அடுத்த வாரம் பேசுவோம். வணக்கம்.