மரமேறுவோருக்கு ஏற்ற கயிறு



பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நாம், வந்த இடங்களில் வீடு அமைத்தோம், சங்கம் அமைத்தோம், இடம் கிடைத்த மூலைகளில் மரமும் வைத்தோம். தில்லியில் வேம்பும் நாவலும், மும்பையில் மாவும் தென்னையும் தூங்குமூஞ்சியும் நம் குடியிருப்புகளுக்கு நிழல் தருகின்றன. ஆண்டுதோறும் மழைக்காலம் நெருங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பட்டுப்போன கிளைகளையும் கூரைமேல் சாய்ந்த கிளைகளையும் கழிப்பது யார்? அவர் எதை நம்பி மேலே ஏறுவார்?

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் வாழும் மும்பைப் புறநகர்க் குடியிருப்பில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். தூங்குமூஞ்சி மரத்தின் பட்ட கிளை ஒன்றை அகற்றுவதற்கு ஒருவரைக் கூலி பேசி அழைத்தோம். அவர் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிந்து, மறுமுனையை மேற்கிளையில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கால் வைத்திருந்த கிளை திடீரென முறிந்தது. கயிறு அறுந்துவிடவில்லை, ஆனால் வயிற்றையும் விலாவையும் நெரித்து இறுகியது. அந்தரத்தில் தொங்கிய அவரால் வாய்விட்டுக் கூவவும் இயலவில்லை. ஓர் ஏணி கொணர்ந்து, அது எட்டாமல் வேறோர் ஏணி தேடி, அவரை இறக்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அவர் பிழைத்தார். ஆயினும், கூலியைப் பற்றி அரைமணி நேரம் பேரம் பேசிய நாங்கள் கயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையே என்ற எண்ணம் எங்களைச் சுட்டது. அதன்பின் கேட்டும் பார்த்தும் நாங்கள் கற்றவற்றையே இன்று சொல்ல முற்படுகிறோம்.

நெல்லைச் சீமையிலும் குமரி மாவட்டத்திலும் பனையேறிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. முருக்குத்தடியைச் சாத்தி, காலில் தளைநார் பூட்டி, நெடும்பனையில் அவர்கள் ஏறியிறங்கும் ஆற்றல் வியத்தற்குரியது. எனினும் அம்முறையில் மனிதனைத் தாங்குவன அவனுடைய கையும் காலும் மார்புமே. அவை சோர்ந்தால் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. கிளைபரந்த மரங்களில் வேலை செய்வதற்கென வகுக்கப்பட்ட கயிற்றுமுறையின் கருத்து இதற்கு மாறானது. உடலின் சுமை முழுவதையும் கயிறு ஏற்க வேண்டும். கை, வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். எந்தச் சாதனத்தை வாங்கினாலும் இந்த ஓர் அளவுகோலை மனத்தில் இருத்தினால் தவறு நேராது.

முதலில் கயிற்றை எடுத்துக்கொள்வோம். கடைகளில் பல வண்ணங்களில் மலிவாகத் தொங்கும் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனால் ஆனது. அது வெயிலில் நலிவடையும். ஏறத்தாழ 165 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். கயிற்றோடு கயிறு உராயும்போது எழும் சூடு அதனைக் கெடுக்கப் போதுமானது. மூட்டை கட்ட அது உதவும். உயிரைக் கட்ட உதவாது. மலையேறுவோர் பயன்படுத்தும் கயிறும் இவ்வேலைக்கு ஏற்றதன்று. வீழ்பவரின் அதிர்ச்சியைத் தணிப்பதற்காக அது நன்றாக நீளுமாறு செய்யப்பட்டது. அதில் தொங்கிக்கொண்டு கிளை அறுப்பவர் ஊஞ்சலில் இருப்பவர்போல ஏறியிறங்கிக்கொண்டே இருப்பார்.

நமக்கு வேண்டியது, உள்ளே இழைக்கட்டும் வெளியே பின்னிய உறையும் கொண்ட, குறைவாக நீளும் கயிறு. இதற்கு ஐரோப்பியத் தரம் ஈ.என். 1891 என்பது. அத்தரத்தின் 'ஏ' வகைக் கயிற்றை வாங்க வேண்டும். அதன்மேல் உள்ள சுமை 50 கிலோவிலிருந்து 150 கிலோவாக உயரும்போது அது நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நீளக் கூடாது. மரவேலைக்கெனவே பின்னப்படும் கயிறுகளும் கிடைக்கின்றன. பருமன் 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். புதியவர் கைக்குப் பருத்த கயிறே இதமாக இருக்கும். அறுபடும் வலிமை 24 கிலோநியூட்டனுக்குக் குறையாதிருப்பது நன்று. அதாவது ஏறத்தாழ 2,400 கிலோ எடை. எழுபது கிலோ மனிதனுக்கு இத்துணை வலிமை எதற்கு என்று கேட்கலாம். முடிச்சு இட்ட அளவிலேயே கயிற்றின் வலிமையில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ, சில முடிச்சுகளில் அதற்கு மேலோ, குறைந்துவிடும். தேய்மானம் ஒரு பங்கைத் தின்னும். தளர்ந்த கயிற்றில் விழும் உடலின் வெட்டிழுப்பு, எடையைப்போல் பன்மடங்காகும். இவற்றையெல்லாம் கழித்து எஞ்சும் வலிமையையே நாம் நம்பி ஏறுகிறோம்.

அடுத்தது உடலில் பூட்டும் வார். கடைக்காரர்கள் 'ஹார்னஸ்' என்பார்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டையைத் தொங்குவதற்குப் பயன்படுத்தலாகாது. எங்கள் மரத்தில் நேர்ந்தது அதற்குச் சான்று. தொடைகள் இரண்டையும் அணைத்து, இருக்கைபோல் உடலை ஏந்தி, முன்புறத்தில் கயிறு பூட்டும் இடம் கொண்ட வாரே மரவேலைக்கு உரியது. கட்டடவேலைக்கு விற்கப்படும், முதுகில் மட்டும் வளையம் உள்ள வார், விழுபவரைத் தடுப்பதற்கு ஆனது. அதில் அமர்ந்து வேலை செய்ய இயலாது. இந்திய நாட்டில் பாதுகாப்பு வார்களுக்கு ஐ.எஸ். 3521 என்ற தரம் உண்டு. முத்திரையைப் பார்ப்பதோடு நில்லாமல், எவ்வகை வேலைக்கு ஆனது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். வாங்குமுன் தாழ்ந்த இடத்தில் கால்மணி நேரம் தொங்கிப் பார்ப்பது நலம். தலைக்கவசத்திற்குத் தாடைவார் கட்டாயம் வேண்டும். தாடைவார் இல்லாத கவசம், தலை சாயும்போதே கீழே விழுந்துவிடும்.

கயிற்றையும் வாரையும் இணைப்பது காரபீனர் என்னும் கொக்கி வளையம். சாவிக்கொத்துக்கு விற்கப்படுவதும் இதைப்போலவே தோன்றும், ஏமாறலாகாது. தாங்கும் அளவு கிலோநியூட்டனில் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். திருகி மூடும் வகை, கிளையிலும் கயிற்றிலும் உரசித் தானே திறந்துகொள்ளக்கூடும். ஆகையால் மூன்று அசைவுகளால் மட்டுமே திறப்பதும், விட்டால் தானே பூட்டிக்கொள்வதுமான வகையே ஏற்றது.

சாதனங்கள் சேர்ந்தபின் அவற்றை மரத்தில் அமைக்கும் முறைக்கு வருவோம். கயிற்றுக்கு முன்னே கண் ஏற வேண்டும். அடிமரத்தில் காளான் படர்ந்துள்ளதா, பொந்து உண்டா, கவட்டில் விரிசல் உண்டா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். கயிறு போடும் கிளை உயிருள்ளதாக, தண்டுக்கு அருகில் குறைந்தது பத்துச் சென்டிமீட்டர் பருமன் உள்ளதாக இருத்தல் வேண்டும். பருமன் மட்டும் போதாது. முருங்கை பருத்தாலும் தூணாகாது என்று நம் பெரியோர் அறிந்திருந்தனர். எளிதில் முறியும் மரங்களில் இன்னும் பருத்த கவட்டையே நாட வேண்டும்.

தேர்ந்த கவட்டில், மெல்லிய எறிகயிற்றின் நுனியில் கட்டிய 300 அல்லது 350 கிராம் எடையுள்ள சிறு பையை வீசி எறிவார்கள். அது மறுபுறம் இறங்கியதும், அதன் வழியே பெருங்கயிற்றை இழுத்துக்கொள்வார்கள். கயிறு நேரே பட்டையில் ஓடினால் மரமும் புண்படும், கயிறும் தேயும். இதற்காகப் பெரிதும் சிறிதுமான இரு வளையங்கள் கொண்ட வார் ஒன்றைக் கிளையில் அமைத்து, அவ்வளையங்களின் ஊடே கயிற்றை ஓடவிடுவது வழக்கம்.

இப்போது கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் வாரில் பூட்டப்படுகிறது. மேலே சென்று திரும்பி இறங்கும் மறுபகுதியில், ஒரு பிடிமுடிச்சு இடப்பட்டு அதுவும் வாரோடு இணைக்கப்படுகிறது. இம்முடிச்சின் இயல்பு வியப்பானது. சுமை ஏறினால் கயிற்றை இறுகப் பற்றும்; சுமை நீங்கினால் நழுவும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிச்சு இவ்வினத்தைச் சேர்ந்தது. ஏறுபவர் கயிற்றை இழுத்து உடலை உயர்த்துகிறார். முடிச்சை மேலே தள்ளுகிறார். கையை விட்டாலும் முடிச்சு அவரை அங்கேயே நிறுத்துகிறது. இறங்கும்போது முடிச்சின் தலையை மெல்ல அழுத்த வேண்டும். விரைந்து இறங்கினால் சூட்டினால் முடிச்சே உருகக்கூடும். முடிச்சு இடும் விதத்தை வானொலியில் கேட்டுக் கற்க முயலாதீர்கள். தேர்ந்தவரிடம் தரையில் நின்றே பலமுறை பழகிக் கற்பதே முறை.

இரண்டு செய்திகளை மறவாதிருக்க வேண்டும். இம்முறையில் கயிறு இரட்டையாக ஓடுவதால், கிளை இருபது மீட்டர் உயரத்தில் இருந்தால் கயிறு நாற்பது மீட்டருக்கு மேல் வேண்டும். நாற்பத்தைந்து மீட்டர் வாங்குவது அறிவுடைமை. தொங்கும் நுனியில் தடைமுடிச்சு ஒன்று இட வேண்டும். இல்லையேல் நீளம் போதாத கயிற்றின் நுனி பிடிமுடிச்சின் ஊடே நழுவ, மனிதர் தரையில் வீழ்வார். ஏறுமுன் இருவர் கயிற்றில் ஒருங்கே தொங்கிக் கிளையைச் சோதிப்பதும் கடமை.

வேலை செய்யும் இடத்தை அடைந்ததும் இரண்டாவது பிடிப்பாக, குறுங்கயிறு ஒன்றால் மரத்தோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். வாளை எடுக்குமுன் இரு பிடிப்புகள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் மாறா விதி. வாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றொன்று காக்கும். இறுகிய கயிற்றை அறுக்க வாளுக்கு ஒரு கணமே போதும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரவாளைப் பயிற்சியில்லாதவர் மரத்தின்மேல் தொடவே கூடாது. காலில் கட்டும் இரும்பு முள், வெட்டி வீழ்த்தும் மரத்திற்கே உரியது. வாழ வேண்டிய மரத்தில் அது புண்ணை உண்டாக்கி நோய்க்கு வழி திறக்கும்.

தென்னைக்குக் கவடு இல்லை. ஆதலால் அதற்கு வேறு சாதனம் வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டில் கேரளத்தில் தொடங்கிய பயிற்சித் திட்டம், மரமேறும் கருவியைப் பலருக்கும் கற்பித்தது. அக்கருவியோடும் பாதுகாப்புக் கயிறு தேவை.

மேலே ஒருவர் இருக்கும்போது கீழே ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அவர் வேடிக்கை பார்ப்பவராக அன்றி, இரண்டாவது கயிற்றில் ஏறி, மயங்கியவரை இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நல்ல வாரிலேயே அசைவின்றித் தொங்கினாலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிருக்கு ஊறு நேரக்கூடும். ஆகவே இறக்கும் வழியை ஏறுமுன்னரே வகுக்க வேண்டும். மின்கம்பி அருகிலிருந்தால் மின்வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டும். மகாராட்டிரத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டமும், கருநாடகத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லியில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் நகர மரங்களைக் காப்பன. மர அலுவலரின் அனுமதியைக் கேட்டபின்னரே கோடரி எடுக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் கயிற்றைக் கையால் நெடுகத் தடவிப் பாருங்கள். கட்டியாகவோ மென்மையாகவோ ஓரிடம் தட்டுப்பட்டால், உறை கிழிந்து உள்ளிழை தெரிந்தால், அதனை வெட்டி எறியுங்கள். வேறு வேலைக்கென்று வைத்தால் யாரேனும் அறியாமல் அதில் ஏறிவிடுவர். நிழலில் உலர்த்துங்கள், மின்கல அமிலத்தின் அருகில் வைக்காதீர்கள்.

இப்போது எங்கள் சங்கத்தில் ஒரு சிறு குறிப்பேடு உண்டு. மரவேலைக்கு வருபவரிடம் கூலி கேட்பதற்கு முன் ஐந்து கேள்விகள் கேட்கிறோம்: எந்தக் கயிறு, வாங்கி எத்தனை ஆண்டு, தொடையை ஏந்தும் வார் உண்டா, இரண்டாம் பிடிப்பு உண்டா, கீழே நின்று காப்பவர் யார்? விடைகளைத் தேதியோடு எழுதிக்கொள்கிறோம். ஒழுங்கான சாதனங்களோடு வருபவர் கூடுதலாகவே கேட்கிறார். அதைச் சங்கத்தின் பொதுநிதியிலிருந்து தருகிறோம். அன்று தொங்கியவரும் இன்று தமக்கென ஒரு வார் வைத்திருக்கிறார். சென்ற மழைக்கு முன் எங்கள் தூங்குமூஞ்சி மரத்தில் மீண்டும் ஏறியவர் அவரே.